பொம்மைக்குச் சோறும் பொம்மையால் உயிரும்

"நாட்டில் பேச எத்தனையோ சங்கதிகள் இருக்கப் பொம்மையைப் பற்றி எழுத வந்துவிட்டாரே!" என்று தோழர்களில் சிலர் நினைக்கக்கூடும். பொம்மை என்றால் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான், அல்லது நவராத்திரியில் படிக்கட்டில் அடுக்கி வைக்கும் செட்டியாரும் செட்டிச்சியும் என்பதுதான் நம்மவர்களின் எண்ணம். ஆனால் மனிதன் தன்னைப் போலவே, தன் அளவிலேயே, தன் முகச் சாயலிலேயே பொம்மை செய்து வந்தது குழந்தைகளுக்காக மாத்திரமல்ல. பெரியவர்களுக்காகவும், அதிலும் மகா பெரியவர்கள் என்று சொல்லிக்கொண்டவர்களுக்காகவும் அது செய்யப்பட்டு வந்திருக்கின்றது. அந்தப் பொம்மைகளை எடுத்து வைத்துக்கொண்டு, எது எதற்காகச் செய்யப்பட்டது, யாருக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்டுப் பார்த்தால், மனித புத்தி எங்கே தடுமாறிற்று, எங்கே நேரானது என்பது கண்ணாடியில் தெரிவதுபோல் தெரியும்.

இவைகளை நாம் மூன்று வகையாகப் பிரிக்கின்றோம். ஒன்று, வணங்குவதற்கான பொம்மை. இரண்டு, வேடிக்கை பார்ப்பதற்கான பொம்மை. மூன்று, கற்றுக்கொள்வதற்கான பொம்மை.

முதல் வகையைப் பார்ப்போம். பிரான்சு தேசத்தில் 1547ஆம் வருஷம் மார்ச்சு மாதம் முதலாம் பிரான்சுவா என்கின்ற அரசன் இறந்துபோனான். உடனே அரண்மனைச் சித்திரக்காரர் ஒருவரைக்கொண்டு செத்தவனைப் போலவே ஒரு பொம்மை செய்தார்கள். அதற்கு ராஜ உடை உடுத்தி, கிரீடம் வைத்து, ஒரு பெரிய மண்டபத்தில் கட்டிலில் கிடத்தினார்கள். இத்தோடு விட்டார்களா? இல்லை. பதினோரு நாள் வரையில் அந்தப் பொம்மைக்கு வேளை தவறாமல் சாப்பாடு பரிமாறினார்கள். மேஜை விரிப்பதற்கு ஓர் உத்தியோகஸ்தன், கை அலம்பத் தண்ணீர் கொடுப்பதற்கு ஒருவன், பதார்த்தம் கொண்டு வருவதற்கு ஒருவன், திராட்சை ரசம் ஊற்றுவதற்கு ஒருவன், ஆசீர்வாதம் செய்வதற்கு ஒரு பாதிரியார்! ராஜா உயிரோடிருந்தபோது எப்படியெப்படி நடந்ததோ அப்படியப்படியே எல்லாம் நடந்தது. பொம்மை ஒரு பிடி சாப்பிட்டதா என்றால் அதுதான் இல்லை.

"மிச்சத்தை ஏழைகளுக்குக் கொடுத்தார்களே, அது தர்மம் அல்லவா?" என்று கேட்பவர்கள் இருக்கலாம். கொடுத்தார்கள் என்பது வாஸ்தவந்தான். ஆனால் பசித்தவனுக்குச் சோறு போட வேண்டுமானால் நேரே அவன் இலையில் போடுவதற்கு என்ன தடை? முதலில் மரத்துக்கும் மெழுகுக்கும் காட்டிவிட்டுத்தான் மனிதனுக்குப் போட வேண்டும் என்பதில் என்ன நியாயம் இருக்கின்றது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்களுக்கு வேறு பல இடங்களில் நடக்கும் படையல்களைப் பற்றியும் நாம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இது பிரான்சுக்காரர்களின் பைத்தியம் மாத்திரம் என்று எண்ணிவிட வேண்டாம். இங்கிலாந்திலும் அரசர்கள் செத்தால் சவப்பெட்டியின்மேல் அவர்களைப் போலவே ஒரு பொம்மையைப் படுக்க வைத்து ஊர்வலம் விட்டார்கள். 1377இல் இறந்த மூன்றாம் எட்வர்டு அரசனின் மரப்பொம்மை லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் இன்னும் இருக்கின்றது. அரசனும் மற்றவர்களைப் போலச் செத்துப் போவான், அழுகிப் போவான் என்பதை ஜனங்கள் கண்ணால் பார்த்துவிட்டால், பிறகு அரசனிடத்தில் பயபக்தி எப்படி நிலைக்கும்? ஆகவே அழுகாத அரசன் ஒருவன் தேவைப்பட்டான். அந்த வேலையைப் பொம்மை செய்தது. அதாவது, உண்மையை மறைப்பதற்காகவே மனிதனைப் போல் பொம்மை செய்யப்பட்டது.

இரண்டாவது வகை வேடிக்கைப் பொம்மை. இதில் பேர்போனது மேடம் டுசாட்ஸ் மெழுகுப் பொம்மைக்காட்சி. 1761இல் பிறந்த மேரி என்கின்ற அம்மையார், கூர்த்தியஸ் என்ற வைத்தியரிடம் மெழுகில் உருவம் செய்யும் வித்தையைக் கற்றுக்கொண்டார். பிரெஞ்சுப் புரட்சியின்போது வெட்டப்பட்ட தலைகளை வைத்து அச்செடுத்ததாக அவரே தம் வரலாற்றில் சொல்லிக்கொண்டிருக்கின்றார். 1802இல் இங்கிலாந்துக்குப் போய், ஊர் ஊராகக் காட்சி நடத்தி, 1835இல் லண்டனில் நிரந்தரமாகக் கடை விரித்தார். ராஜாவும் அங்கே மெழுகு, கொலைகாரனும் அங்கே மெழுகு. காசு கொடுத்தவர்கள் எல்லாரும் இரண்டு பேரையும் பக்கத்தில் நின்று பார்க்கலாம். இதில் நமக்குப் பெரிய ஆக்ஷேபணை ஒன்றுமில்லை. கும்பிட வேண்டியிருந்த ராஜாவைப் பொம்மையாக்கி நுழைவுச்சீட்டுக்குக் காட்டியதில் ஒரு நன்மைகூட உண்டு என்று சொல்லலாம். ஆனால் பார்த்தவன் வீட்டுக்கு எதைக் கொண்டுபோனான்? "அடேயப்பா, அச்சு அசலாக இருக்கின்றதே!" என்கின்ற ஆச்சரியத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

நிற்க, மூன்றாவது வகைக்கு வருவோம். நாம் இந்த வியாசம் எழுதுவதே இதற்காகத்தான்.

பொம்மை ராஜாவுக்குச் சோறு பரிமாறிய அதே பிரான்சு தேசத்தில், இருநூறு வருஷம் கழித்து டு கூத்ரே என்று ஓர் அம்மையார் இருந்தார். இவர் மருத்துவச்சி. அக்காலத்தில் கிராமங்களில் பிரசவம் பார்த்தவர்கள் கைக்குத் தோன்றியபடி பார்த்தார்கள். தாயும் சாவாள், பிள்ளையும் சாகும். "கடவுள் சித்தம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். டு கூத்ரே அம்மையாருக்கு இந்தச் சமாதானம் பிடிக்கவில்லை. கிராமத்துப் பெண்களுக்குப் பிரசவ வித்தையைக் கற்பிக்க வேண்டும் என்று புறப்பட்டார். ஆனால் அவர்களில் அநேகருக்கு எழுத்து வாசனை கிடையாது. புத்தகத்தைக் கொடுத்து என்ன செய்வது? உயிருள்ள கர்ப்பிணியை வைத்துப் பழகச் சொல்லவும் முடியாது. தப்பு நேர்ந்தால் போவது உயிரல்லவா?

ஆகவே அந்த அம்மையார் துணியும் தோலும் பஞ்சும் கொண்டு ஒரு பெண்ணின் இடுப்புப் பாகத்தை உள்ளது உள்ளபடியே ஆள் அளவில் தைத்தார். பிறப்பு வழி எப்படி விரியும் என்று காட்டுவதற்குக் கயிறுகளும் வார்களும் வைத்தார். அதோடு பிறந்த குழந்தையின் அளவில் ஒரு பொம்மையும் தைத்தார். அதற்கு மூக்கு உண்டு, காது உண்டு, விரலை நுழைத்துப் பார்க்க வாயும் உண்டு. ஏனென்றால், குழந்தை கால் முன்னாக வரும்போது அதன் வாயில் விரலை வைத்துத் தலையைத் திருப்ப வேண்டியிருக்கும். அதையும் பெண்கள் பழக வேண்டுமல்லவா? 1758இல் பாரிஸ் அறுவை வைத்திய சபையார் இதைப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். 1759இல் அரசன் பதினைந்தாம் லூயி, தேசம் முழுவதும் சுற்றிக் கற்பிக்க அம்மையாருக்கு உத்தரவு கொடுத்தான். சுமார் இருபத்தைந்து வருஷம் அவர் ஊர் ஊராகப் பொம்மையைத் தூக்கிக்கொண்டு போய் ஆயிரக்கணக்கான பெண்களுக்குக் கற்பித்தார். அந்தப் பொம்மைகளில் ஒன்று ரூவான் நகரத்து வைத்தியக் காட்சிசாலையில் இன்றும் இருக்கின்றது. அதற்கு யாரும் கிரீடம் வைக்கவில்லை, சோறு வைக்கவில்லை. ஆனால் அது எத்தனை தாய்மார்களைப் பிழைக்க வைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த இடத்தில் நம் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கின்றது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கின்றது. ஆனாலும் சொல்லாமல் மேலே போவது யோக்கியமல்ல.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கிராமத்துக்குக் கூட்டம் பேசப் போயிருந்தோம். மாலைக் கூட்டத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. ஏரிக்கரைப் பக்கமிருந்து கூச்சல் கேட்டது. ஓடிப் பார்த்தால், பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனைத் தண்ணீரிலிருந்து இழுத்துக் கரையில் போட்டிருந்தார்கள். மூச்சில்லை. ஐம்பது அறுபது பேர் சுற்றி நின்றார்கள். ஒருவர் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றினார். ஒருவர் வயிற்றைப் பிசைந்தார். ஒரு பெரியவர் பக்கத்து ஊரில் மந்திரிப்பவர் இருக்கின்றார், அழைத்து வாருங்கள் என்றார். உடனே நாம் முன்னே வந்து, "மந்திரத்தால் மூச்சு வருமா? இது என்ன அறியாமை!" என்று சத்தம் போட்டோம். மந்திரிப்பவரை அழைக்கப் போனவன் நின்றுவிட்டான். பையனின் தாய் நம்மை நிமிர்ந்து பார்த்து, "அப்படியானால் நீங்களே ஏதாவது செய்யுங்களேன் ஐயா" என்றாள்.

நமக்கு ஒன்றும் தெரியவில்லை.

எத்தனையோ புத்தகம் படித்தவர்கள் நாம். உயிர் என்றால் என்ன, மூச்சு என்றால் என்ன, ஆத்மா உண்டா இல்லையா என்று விடிய விடிய வாதம் செய்தவர்கள் நாம். ஆனால் நின்றுபோன மூச்சை ஊதி உள்ளே விட இந்த வாய்க்குத் தெரியவில்லை. நெஞ்சை அமுக்க இந்தக் கைக்குத் தெரியவில்லை. வண்டி வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்துவிட்டது. மந்திரிக்கிறவர் வந்திருந்தாலும் பையன் பிழைத்திருக்க மாட்டான் என்பது சத்தியம். ஆனால் பகுத்தறிவுக்காரர் வந்தும் பிழைக்கவில்லையே! அன்று இரவு கூட்டத்தில் நாம் பேசவில்லை. இல்லாததை இல்லை என்று சொல்லத் தெரிந்தால் மாத்திரம் போதாது, இருப்பதைச் செய்யவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதை அந்தத் தாய்தான் நமக்குக் கற்பித்தாள்.

பிறகுதான் நாம் தேடிப் படித்தோம். படித்ததில் முதல் ஆச்சரியம் யாதெனில், வெள்ளைக்காரர்களும் ஒரு காலத்தில் நம்மைப்போலவே மடத்தனம் செய்திருக்கின்றார்கள் என்பதாகும். பதினெட்டாம் நூற்றாண்டில் தண்ணீரில் மூழ்கினவனைப் பீப்பாயின்மேல் போட்டு உருட்டினார்கள். ஆசனவாய் வழியாகப் புகையிலைப் புகையை ஊதினார்கள்! பெரிய பெரிய வைத்தியர்களே இதைச் சிபாரிசு செய்தார்கள். பிறகு முதுகை அமுக்குவது, கையைத் தூக்கி இறக்குவது என்று வேறு முறைகள் வந்தன. அவைகளையும் சோதித்துப் பார்த்துப் போதாது என்று தள்ளினார்கள். நம் முன்னோர்கள் செய்தது, ஆகவே மாற்றக்கூடாது என்று யாரும் புகையிலைப் புகையைக் காப்பாற்றக் கிளம்பவில்லை. விஞ்ஞானத்துக்கும் வைதிகத்துக்கும் வித்தியாசம் இவ்வளவுதான். தப்பு இரண்டிலும் உண்டு. ஒன்று தன் தப்பைத் தானே தேடிப் பிடிக்கின்றது. மற்றொன்று தன் தப்புக்குக் கோபுரம் கட்டுகின்றது.

1950க்களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பீட்டர் சஃபார் என்ற டாக்டர், வாயோடு வாய் வைத்து ஊதும் முறைதான் சரி என்று மெய்ப்பித்தார். எப்படி மெய்ப்பித்தார்? டாக்டர்களும் வைத்திய மாணவர்களும் தாங்களாக முன்வந்து, மருந்தினால் தங்கள் மூச்சை நிறுத்திக்கொண்டு படுத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் ஊதி அவர்கள் உயிரைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். தலையைப் பின்னுக்குச் சாய்த்து மோவாயைத் தூக்கினால்தான் நாக்கு அடைக்காமல் வழி திறக்கும் என்பது அப்படித்தான் உறுதியாயிற்று. 1960இல் வேறு மூன்று ஆராய்ச்சியாளர்கள், நின்றுபோன இருதயத்தை நெஞ்சின் மேலிருந்தே அமுக்கி ரத்தத்தை ஓட வைக்கலாம் என்று காட்டினார்கள். வித்தை தயாராகிவிட்டது. ஆனால் கோடிக்கணக்கான ஜனங்களுக்கு இதை எப்படிக் கற்பிப்பது? ஒவ்வொருவருக்கும் பழக ஒவ்வோர் ஆளை மூச்சு நிறுத்திப் படுக்க வைக்க முடியுமா?

இங்கேதான் மறுபடியும் பொம்மை வருகின்றது. நார்வே தேசத்தில் ஸ்டாவாங்கர் என்ற ஊரில் ஆஸ்முண்ட் லார்டல் என்று ஒருவர் இருந்தார். அவர் டாக்டரல்ல, பொம்மை வியாபாரி. மெத்தென்ற பிளாஸ்டிக்கில் குழந்தைகளுக்குப் பொம்மை செய்து விற்றவர். தம் சொந்த மகனே சிறு குழந்தையாயிருக்கும்போது தண்ணீரில் மூழ்கி, தாமே இழுத்துக் காப்பாற்றின அனுபவம் அவருக்கு உண்டு. 1958இல் பியோன் லிண்ட் என்ற டாக்டர் அவரிடம் வந்து, ஊதிப் பழக ஒரு மனிதப் பொம்மை வேண்டும் என்று கேட்டார். லார்டல் ஒப்புக்கொண்டார். 1960இல் "ரெசுஸி ஆன்" என்ற பொம்மை வெளிவந்தது. ஆள் அளவு. தலையைச் சாய்த்தால்தான் காற்று போகும். சரியாக ஊதினால் நெஞ்சு உயரும். அமுக்கிப் பழக நெஞ்சுக்குள் சுருள்வில்லும் வைக்கப்பட்டது.

அந்தப் பொம்மையின் முகத்துக்கும் ஒரு கதை உண்டு. பாரிஸ் நகரத்து ஸீன் நதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பெயர் தெரியாத ஒரு பெண் மூழ்கி இறந்ததாகவும், அவள் முக அழகைக் கண்டு அச்செடுத்ததாகவும் சொல்லுவார்கள். அந்த அச்சு முகம் ஐரோப்பாவில் எத்தனையோ வீடுகளின் சுவரில் தொங்கிற்று. லார்டல் அதையே தம் பொம்மைக்கு வைத்தார். கதை மெய்யா என்று ஆராய்ந்தவர்கள், நீரில் மூழ்கினவர் முகம் இவ்வளவு தெளிவாயிராது, உயிருள்ள பெண்ணிடமே அச்செடுத்திருக்க வேண்டும் என்று சந்தேகிக்கின்றார்கள். நமக்கும் அதுதான் பொருத்தமாகத் தோன்றுகின்றது. ஆனால் கதை எப்படியானால் என்ன? ராஜாவின் முகத்தை வைத்த பொம்மை ஊரை ஏமாற்றிற்று. பெயர் இல்லாத ஒரு பெண்ணின் முகத்தை வைத்த பொம்மை ஊருக்கு உயிர் கொடுக்கக் கற்பித்தது. நார்வே தேசத்தில் 1961 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கே இந்த வித்தை பாடமாகிவிட்டது. உலகத்தில் கோடிக்கணக்கானவர்கள் இப்படிப்பட்ட பொம்மைகளை ஊதிப் பழகியிருக்கின்றார்கள். பிறந்து அழாத சிசுவுக்கு மூச்சு வரவழைக்கப் பழகுவதற்கும், தண்ணீர் நிரப்பினால் குழந்தையின் கனம் வரும்படியான பொம்மை இப்போது இருக்கின்றது. டு கூத்ரே அம்மையார் இருந்தால் சந்தோஷப்படுவார்.

நாமும் ஒரு நாள் வகுப்பில் இந்தப் பொம்மையின் முன் மண்டியிட்டோம். ஆம், மண்டியிட்டோம்! ஆனால் கும்பிட அல்ல. முழங்கையை மடக்காமல், நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, இரண்டு அங்குல ஆழம் அமுக்க வேண்டும். நிமிஷத்துக்கு நூறு முதல் நூற்றிருபது தடவை. முப்பது அமுக்கு, இரண்டு ஊது. புத்தகத்தில் படித்தபோது இது சுலபமாயிருந்தது. பொம்மையில் செய்தபோது இரண்டு நிமிஷத்தில் வேர்த்துக் கொட்டிற்று. முதலில் நாம் அமுக்கினது பாதி ஆழங்கூட இல்லை. கற்பித்த நர்சம்மாள், "ஐயா, பயப்படாதீர்கள், இவளுக்கு வலிக்காது" என்றார். தப்புச் செய்யப் பொம்மை, தப்பில்லாமல் செய்ய மனிதன். இதற்காகவே மனிதனைப் போலப் பொம்மை வேண்டும்.

இனி ஆக்ஷேபணைகளைப் பார்ப்போம். "செத்தவனை எழுப்பிவிடுமா?" என்பார்கள். எழுப்பாது. சரியாகச் செய்தும் பிழைக்காதவர்கள் அநேகர். நாம் அற்புதம் விற்கவில்லை. ஆனால் மூச்சு நின்ற சில நிமிஷத்தில் மூளை கெட ஆரம்பிக்கின்றது. 108 வண்டி வரும் வரையில் சும்மா நிற்பதைவிட, கூப்பிட்டுவிட்டு அமுக்கவும் ஊதவும் ஆரம்பித்தால் பிழைக்கும் வழி அதிகம். தண்ணீரில் மூழ்கினவனுக்கு ஊதுவது மிகமிக முக்கியம். 2021ஆம் வருஷத்தில் மாத்திரம் உலகத்தில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தார் கணக்கிட்டிருக்கின்றார்கள்.

"யாரோ என்ன ஜாதியோ, வாயில் வாய் வைப்பதா?" என்று மனத்துக்குள் நினைப்பவர்களும் உண்டு. மூச்சுக்கு ஜாதி உண்டானால், இத்தனை நாளாய் எல்லாரும் ஒரே காற்றை இழுத்து விடுகின்றோமே, அந்தத் தீட்டுக்கு என்ன பிராயச்சித்தம்? "பெண்பிள்ளை நெஞ்சைத் தொடுவதா?" என்று கூசுகின்றவர்கள் நம் நாட்டில் மாத்திரமல்ல, நாகரிக அமெரிக்காவிலும் இருக்கின்றார்கள். 2017இல் அங்கே வெளியான ஓர் ஆராய்ச்சியில், பொது இடத்தில் இருதயம் நின்று விழுந்த ஆண்களில் நூற்றுக்கு 45 பேருக்கும், பெண்களில் நூற்றுக்கு 39 பேருக்கும்தான் பக்கத்திலிருந்தவர்கள் உதவினார்கள் என்று தெரிந்தது. மானத்தைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு உயிரை விட்டுவிடுகின்றார்கள். செத்த பெண்ணுக்கு மானம் எதற்கு? உயிரோடிருக்கும் பெண்ணுக்கல்லவா மானமும் உரிமையும் வேண்டும்?

ஆகவே தோழர்களே! உங்கள் ஊர் மன்றத்தில், வாசகசாலையில், பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு பொம்மை இருக்கின்றதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வாங்குங்கள். ஒரு நாள் திருவிழாவில் வாண வேடிக்கையாய்க் கரியாகும் பணம் இதற்குப் போதும். பயிற்சி பெற்ற நர்சையோ டாக்டரையோ அழைத்து, ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் வரிசையாக வந்து பழகுங்கள். ஒரு தடவை பழகினால் போதாது, வருஷா வருஷம் பழகுங்கள். நம் கூட்டங்களிலும் இனி ஒரு மணி நேரம் பேச்சு என்றால் அரை மணி நேரம் பொம்மை என்று வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். பேச்சு கேட்டவன் கைதட்டிவிட்டுப் போவான். பொம்மையில் பழகினவன் ஒரு நாள் ஏரிக்கரையில் கையை நீட்டுவான்.

அந்தத் தாய் நம்மைக் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கின்றது. அவளுக்கு நாம் பதில் சொல்ல இனி வழியில்லை. அடுத்த தாய் உங்களைக் கேட்கும்போது பதில் உங்கள் கையில் இருக்கட்டும்.